குன்னூரில் முதல் ஊசி, கூடலூரில் இரண்டாவது

டிசம்பர் 9, செவ்வாய் – பர்லியாறு வழியாகக் குன்னூர்

தேனி மாவட்டத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்காக நான் இருந்தபோது எங்களோடு கிராம சுகாதாரச் செவிலியராகப் பணிபுரிந்து, பிறகு சொந்த ஊரான தேவாலாப் பக்கமே மாறுதலாகிப் போன ஒருவர், ஓய்வுக்குப் பின் அங்கேயே வீடு கட்டியிருக்கிறார். மார்கழி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று சனிக்கிழமைக்கு நாள் குறித்து, "அண்ணியைக் கூட்டிட்டு வரலைன்னா உங்களோட பேசமாட்டேன் அண்ணே" என்று தொலைபேசியில் உறுதியாகச் சொல்லிவிட்டார். நான்கு நாள் முன்னதாகவே கிளம்பி, குன்னூரையும் உதகையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். குன்னூரைப் பார்க்க எனக்குத் தனிக் காரணம் ஒன்று இருந்தது. பணிக்காலம் முழுவதும் நான் காவல் காத்த குளிர்பெட்டிகளுக்குள் இருந்த முத்தடுப்பு ஊசி மருந்தில் பெரும்பகுதி குன்னூரிலிருந்து வந்தது. அந்த மருந்து வீணாகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது. ஆனால் அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பர்லியாறு சோதனைச் சாவடியில் பேருந்து நின்றதும் ஒரு பெண் ஊழியர் ஏறி, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் கேட்டார். மலையில் அவற்றுக்குத் தடை இருப்பது எங்களுக்குத் தெரிந்திருந்தும் கோவையில் அவசரத்தில் இரண்டு வாங்கிவிட்டோம். "குடிச்சிட்டே குடுங்கம்மா, பேருந்து எங்கேயும் போயிடாது" என்று அவர் என் மனைவியிடம் சொல்லிவிட்டு அருகிலேயே பொறுமையாக நின்றார். அதற்கு மேல் வளைவுக்கு வளைவு மூடுபனி. குன்னூரில் இறங்கியபோது மாலை ஐந்து மணிக்கே விளக்கு போட்டிருந்தார்கள். அறை வாடகை 1,400 ரூபாய். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு மணி வரைதான் என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்திலும் வெதுவெதுப்பாகத்தான் வந்தது.

டிசம்பர் 10, புதன் – குன்னூர்

அந்த மருந்தைச் செய்த பாஸ்டியர் நிலையம் சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் இருக்கிறது. பொதுமக்கள் உள்ளே சென்று சுற்றிப் பார்க்கும் இடம் அல்ல என்பதால் சாலையில் நின்றே மதிலையும் மரங்களுக்கிடையே தெரிந்த கட்டடங்களையும் வெகுநேரம் பார்த்தேன். என் மனைவிக்குப் புரியும்படி அதன் கதையைச் சொன்னேன். இங்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணம் முழுவதும் என்னோடு வந்தது அந்தக் கதைதான்.

1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநோயால் இறந்தார். அப்போது இந்தியாவில் வெறிநாய்க்கடிக்கு ஊசி போடும் நிலையம், 1900-இல் தொடங்கப்பட்ட கசௌலி நிலையம் ஒன்றுதான். தெற்கே நாய் கடித்தவர் ஊசி போட்டுக்கொள்ள இமயமலைக்கு ரயிலேற வேண்டும். நோய் அதுவரை காத்திருந்தால் பிழைப்பார். எஃகுத் தொழிலில் ஆண்ட்ரூ கார்னகியின் கூட்டாளியாக இருந்த ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர், அன்றைய வைஸ்ராய் கர்சனிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907-இல் குன்னூரில் இந்த நிலையம் எழுந்தது. இன்னொரு பகுதி பீகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையமாயிற்று. ஆக, வெளிநாட்டிலிருந்து சுகாதாரத்துக்கென வந்த உதவி என்பது நம் மலைக்குப் புதிதன்று. நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளாக அது இங்கே கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது.

எனினும் அந்தப் பணம் கட்டடத்தோடு நின்றிருந்தால் இன்று நான் பார்க்க அங்கே ஒன்றும் இருந்திராது. ஆண்டுதோறும் யாரோ சம்பளம் கொடுத்தார்கள், யாரோ ஆட்களைப் பழக்கினார்கள். 1918-இல் இதே நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றித் தொடங்கிய ஆய்வு வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய வெறிநாய்க்கடி மருந்து இங்கிருந்து தென்னாடு முழுவதும் போயிற்று. சிறுவயதில் என் அண்ணனை நாய் கடித்தபோது தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு நாளும் அப்பா அவனைத் தோளில் சுமந்துகொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. 1977-இல் இந்த நிலையம் நடுவண் அரசின் கீழ்த் தன்னாட்சி நிறுவனமாகி, பிள்ளைகளுக்கான முத்தடுப்பு மருந்தைப் பெருமளவில் செய்து தந்தது. 2008 ஜனவரியில், உற்பத்தித் தரவிதிகளுக்கு உட்படவில்லை என்று இதனுடைய உரிமமும் கசௌலி, கிண்டி நிலையங்களின் உரிமங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. 2010-இல் அந்த ஆணை விலக்கப்பட்டது. தரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நூறாண்டு பழகிய கைகளைச் சும்மா உட்கார வைப்பது எளிது, மீண்டும் வேலைக்குப் பழக்குவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு மெக்கானிக்காக நான் அறிவேன்.

கதையை முடித்துவிட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் நடந்தோம். என் மனைவி கையில் அப்போதுதான் வாங்கிய வர்க்கிப் பொட்டலம் இருந்தது. மதில்மேல் இருந்த குரங்கு ஒன்று இறங்கியதை நாங்கள் பார்க்கவே இல்லை. பொட்டலம் போய்விட்டது; அவள் வலது புறங்கையில் மூன்று விரல்நீளக் கீறல்.

வெள்ளைத் துணி போர்த்தி வெள்ளைத் தலைத்துணி கட்டியிருந்த ஒரு படுகர் மூதாட்டி, கடைக்குள் போய் ஒரு குவளைத் தண்ணீரும் சோப்பும் எடுத்துவந்தார். என் மனைவி இரண்டு முறை தேய்த்துவிட்டுக் கையை உதறியதும் அவர் விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் கழுவ வைத்தார். கடைக்காரர் அடுப்பை விட்டு இறங்கி வந்து அரசு மருத்துவமனைக்கு வழி சொன்னார். குடித்த இரண்டு தேநீருக்கு முப்பது ரூபாயை நீட்டியபோது, "போயிட்டு வந்து குடுங்க, இப்ப முதல்ல ஊசி" என்று வாங்க மறுத்தார்.

"என்னங்க, வெறும் கீறல்தானே, இதுக்கா ஊசி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு வாங்கி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். இளம் பெண் மருத்துவர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கீறல்மேல் வைத்து, எரிகிறதா என்று கேட்டு, விளக்கின் கீழே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை, அதற்குத் தடுப்பூசி போதும். ரத்தம் வந்திருந்தால் மூன்றாம் வகை, காயத்திலேயே எதிர்ப்புப் புரத மருந்தும் ஏற்ற வேண்டியிருக்கும் என்று விளக்கினார். செவிலியர் இரு மேற்கைகளிலும் தோலுக்குள் மட்டும் 0.1 மில்லி போட, மிளகளவு கொப்புளம் எழுந்து சற்று நேரத்தில் அடங்கியது. அண்ணனுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசிகள் எனக்குள் வந்து போயின.

செவிலியர் எழுதித் தந்த அட்டையில் நான்கு தேதிகள் இருந்தன: டிசம்பர் 10, 13, 17, ஜனவரி 7. பதின்மூன்றாம் தேதி நாங்கள் தேவாலாவில் இருப்போமே என்றேன். "கூடலூர் அரசு மருத்துவமனையில போட்டுக்கங்க ஐயா. இதே மருந்து, இதே அட்டை. சனிக்கிழமை, பன்னிரண்டுக்குள்ள போயிடுங்க" என்றார். வெளியே வரும்போது, பழக்கதோஷத்தால், தடுப்பூசிக் குளிர்பெட்டியின் மேல் தொங்கிய வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்த்தேன். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று ஒருநாளும் விடாமல் எண்கள். எல்லாம் 2-க்கும் 8-க்கும் இடையில். அந்த இரண்டு எண்களுக்கிடையே என் வாழ்நாளில் முப்பது ஆண்டுகள் போயிருக்கின்றன. தேநீர்க் கடைக்காரருக்கு மாலையில் முப்பது ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டிசம்பர் 11, வியாழன் – உதகை

விடியற்காலையில் தலைக்குந்தாவில் புல்மேல் உறைபனி உப்பு தூவியது போலப் படிந்திருந்தது. தூக்கம் சரியில்லை. ஊசி போட்ட இடம் லேசாக வலிப்பதாக என் மனைவி சொன்னாள், காய்ச்சல் இல்லை. கால் கிலோ வர்க்கி எண்பது ரூபாய் கொடுத்து மறுபடி வாங்கி, இம்முறை பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டோம். உதகையில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று எல்லாரும் சொல்பவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. பெரும்பாலான நேரம் அறையில் கம்பளிக்குள்தான் இருந்தோம். அங்கே இருந்தபோது கெனமாவிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது.

கெனமா, சியரா லியோனின் கிழக்கில் உள்ள நகரம். பணி ஓய்வுக்குப் பிறகு, 2015 மார்ச் முதல் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக, ஒரு தொண்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் அங்கே தடுப்பூசிக் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கப் போயிருந்தேன். எபோலா அடங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் 28,600-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி, 11,300-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற நோய். கெனமா அரசு மருத்துவமனையின் லாஸா காய்ச்சல் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷேக் உமர் கான் 2014 ஜூலை 29 அன்று எபோலாவுக்கே பலியானார். அவரோடு பணிபுரிந்த செவிலியர்களும் பலர் இறந்தார்கள். நான் போனபோது அங்கே யாரும் யாரோடும் கைகுலுக்க மாட்டார்கள். முழங்கையை மார்போடு அணைத்துத் தலையைச் சாய்த்து, "அவ் டி பாடி?" என்பார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்பது அதன் பொருள். வணக்கம் சொல்வதற்குப் பதிலாக உடம்பை விசாரிக்கும் ஊரில் உடம்பையே தொட முடியாமல் போனது அவர்களை எவ்வளவு வருத்தியது என்பதை முகங்களில் பார்த்தேன்.

அங்கே ஒரு சுகாதார நிலையத்தின் அறை என் கண்ணைவிட்டு அகலவில்லை. நான்கு குளிர்பெட்டிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. நான்கும் நான்கு நாடுகளின் நன்கொடை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொடி ஒட்டியிருந்தது. ஒன்று மண்ணெண்ணெயில் ஓடுவது, திரி இல்லை. ஒன்று சூரியஒளித் தகட்டில் ஓடுவது, பேட்டரி செத்து இரண்டு ஆண்டாயிற்று. மற்ற இரண்டுக்கும் ஜெனரேட்டர் வேண்டும், டீசலுக்குப் பணம் இல்லை. ஒன்றின் தெர்மோஸ்டாட் இன்னொன்றுக்குப் பொருந்தாது. உதிரிபாகக் கிடங்கு என்று நாட்டில் ஒன்று இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை. உள்ளே தட்டம்மை மருந்துக் குப்பிகள் இருந்தன. குப்பியின் மேலுள்ள வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் உண்டு. மருந்து வெப்பம் பட்டால் அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வந்து, வட்டத்தின் நிறத்தை எட்டியதும் மருந்து உதவாது என்று பொருள். நான் கையில் எடுத்த குப்பிகள் அத்தனையிலும் சதுரம் கறுத்துக் கிடந்தது. எபோலாவில் இறந்தவர்களை உலகம் எண்ணியது. அந்த மாதங்களில் தடுப்பூசி கிடைக்காமல் போன பிள்ளைகளையும், பேறுகாலத்துக்கு மருத்துவமனைக்கு வர அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்களையும் யார் எண்ணுவது?

பணம் வராமல் இல்லை. 2014 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் மட்டும் எபோலாவுக்கென 540 கோடி டாலர் ஒதுக்கியது. பக்கத்து லைபீரியாவில் அமெரிக்க ராணுவம் பதினொரு சிகிச்சை மையங்களைக் கட்டியது. அவை எழுந்து முடிவதற்குள் நோய் இறங்கிவிட்டதால் பதினொன்றிலுமாகச் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 28 பேர். ஒன்பது மையங்களில் ஒருவர்கூட இல்லை. கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்தபின் அவசரமாகக் கூடாரம் போடுவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் வெள்ளை உடுப்பு அணிந்து வந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தவர்கள். என் வருத்தம் வேறு. நோய் வருமுன் அந்த நான்கு குளிர்பெட்டிகளுக்கும் ஒரே வகை உதிரிபாகமும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு மனிதருக்கு மாதச் சம்பளமும் கிடைத்திருந்தால், அதற்கு ஆகியிருக்கும் செலவு அந்தக் கோடிகளில் எண்ணவே தேவையில்லாத ஒரு சிறு துளி.

செய்தி அனுப்பியவர் அங்கே எனக்கு உதவியாளராக இருந்தவர். நான் திரும்பும்போது தொண்டு நிறுவனத்தில் தொடரவா, சுகாதார அமைச்சகத்தின் வேலைக்குப் போகவா என்று கேட்டார். அமைச்சகத்தில் சம்பளம் பாதிகூட இல்லை. ஆனாலும் அங்கே போ என்றேன். சரியாகத்தான் சொன்னேனா என்ற ஐயம் பல ஆண்டுகள் என்னை உறுத்தியது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளைத் தொண்ணூறு நாளுக்கு நிறுத்தி, ஜூலை 1-ஆம் தேதியோடு யு.எஸ்.எய்டு அமைப்பின் பணிகளுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. உதவிப் பணத்தில் சம்பளம் வாங்கிவந்த அவருடைய நண்பர்கள் இருவருக்கு வேலை இல்லை. அவர் இன்னும் குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்று அனுப்பியிருந்தது ஒரு கம்ப்ரஸரின் படம்; இதற்கு எந்த ரிலே பொருந்தும் என்று கேட்டிருந்தார். போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதில் எழுதினேன்.

டிசம்பர் 12, வெள்ளி – நடுவட்டம், கூடலூர், தேவாலா

பைக்காரா தாண்டி நடுவட்டம் வரும்வரை வெயில். அங்கிருந்து கீழே கூடலூர் வரை கொண்டை ஊசி வளைவுகள். பின்னிருக்கைப் பையன் ஒருவன் வாந்தியெடுக்க, நடத்துநர் கடிந்துகொள்ளாமல் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொன்னார். நடுவட்டத்தில் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சின்கோனா மரங்களை வளர்த்து, பட்டையிலிருந்து மலேரியாவுக்கான கொயினா எடுத்தார்கள் என்பதை என் மனைவியிடம் சொன்னேன். "இந்த மலையில மருந்தாகவே முளைக்குது போல" என்றாள்.

தேவாலா வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்த மதியச் சாப்பாட்டை மறக்க இயலாது. செவிலியரின் தந்தை, சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை அட்டன் பகுதித் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர். அதனால் அந்த வீட்டுச் சமையலில் இன்னும் மலையகம் மணக்கிறது. தேங்காய் ரொட்டி, இடித்த கட்டைச் சம்பல், அதோடு மரவள்ளி இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்ட வறை. வறையை வாயில் வைத்ததும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். கெனமாவில் ஓராண்டு தினமும் சோற்றோடு சாப்பிட்டது இதே மரவள்ளி இலைதான். அங்கே உரலில் இடித்துச் செம்பனை எண்ணெயில் வேகவைப்பார்கள். இந்த மணம் எனக்கு இனிக் கிடைக்காது என்று நினைத்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பேசும்போது நிபா பற்றிப் பேச்சு வந்தது. தேவாலாவிலிருந்து கேரள எல்லையான நாடுகாணி கூப்பிடு தூரம். 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா பரவிப் பதினேழு பேர் இறந்தார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட லினி என்ற செவிலியரும் அவர்களில் ஒருவர். 2023 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் மீண்டும் வந்தபோது எல்லையில் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்கள். எங்களை அழைத்திருந்த செவிலியர் 2023 இறுதியில்தான் ஓய்வுபெற்றார்.

"சாவடியில நெத்திக்கு நேரா கருவியைப் பிடிக்கிறது ஒரு பக்கம் அண்ணே. ஆனா காய்ச்சல்காரன் சாவடி வழியாத்தான் வருவான்னு என்ன இருக்கு? இந்தப் பக்கத்துல எந்த வீட்டுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை, எந்த வீட்டுப் பிள்ளை பெருந்தல்மண்ணாவுல படிக்குது, யார் கோழிக்கோட்டுல வேலை செய்யறாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தந்த வீட்டுக்குத்தான் முதல்ல போனேன். பிடிச்சு வெச்சுக்குவாங்களோன்னு மத்தவங்கள்ட்ட மறைச்சவங்க, என்கிட்ட மறைக்கலை. அவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஊசி போட்டவ நான்" என்றார்.

தொற்று நோய்க் கண்காணிப்பு என்று அறிக்கைகளில் எழுதப்படுவது இதைத்தான். பல ஆண்டுகள் ஒரே ஊரில் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருந்ததால் மட்டுமே கிடைக்கும் அறிவு அது; கொள்ளைநோய் வந்த வாரத்தில் எவ்வளவு டாலர் கொட்டினாலும் கடையில் கிடைக்காது.

2018-இல் அது நிபாதான் என்று உறுதி செய்த புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்துக்கும் குன்னூரைப் போன்ற ஒரு கதை உண்டு. 1952-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு தொடங்கப்பட்டது. ஐந்தாண்டிலேயே சிமோகா காடுகளில் குரங்குக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தது. 1967-இல் அறக்கட்டளை விலகிக்கொண்டபோது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுப் பொறுப்பையும் ஏற்றது. கொடுத்தவர் போனபின் ஐம்பது ஆண்டு கழித்து, அவர் நினைத்தும் பார்த்திராத ஒரு நோய்க்கு அந்த ஆய்வகம் கைகொடுத்தது. வெளியார் உதவி எதற்கு வரவேண்டும், எப்போது விலக வேண்டும், விலகும்போது யார் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் புனேயைத்தான் காட்டுவேன்.

டிசம்பர் 13, சனி – தேவாலா, கூடலூர்

விடியற்காலை ஐந்தரைக்குப் பால் பொங்கியது. ஏழு மணிக்குப் பொங்கலும் வடையும். ஒன்பதுக்கெல்லாம் கூடலூருக்குக் கிளம்பிவிட்டோம். செவிலியரின் மருமகன் தம் காரில் அழைத்துப்போனார். திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் பணிபுரியும் நல்ல பிள்ளை. மருத்துவமனை பெஞ்சில் காத்திருந்தபோது, என் ஆப்பிரிக்கக் கதைகளை மாமியார் சொல்லக் கேட்டதாகச் சொல்லி, "நம்ம ஊர்லயே இவ்வளவு குறை இருக்கும்போது ஒரு நாட்டுப் பணம் இன்னொரு நாட்டுக்கு எதுக்குப் போகணும் மாமா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் குதர்க்கம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நைஜீரியாவைச் சொன்னேன். 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து எபோலாவோடு ஒருவர் லாகோஸ் விமான நிலையத்தில் இறங்கினார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழும் நகரம். மருத்துவமனையை விட்டுப் போகத் துடித்த அவரை அமேயோ அடடேவோ என்னும் பெண் மருத்துவர் விடாப்பிடியாகத் தடுத்து நிறுத்தினார். அவரே பின்னர் அந்நோயால் இறந்தார். அந்நாட்டில் போலியோ ஒழிப்புக்கென வெளிநாட்டு நிதியில் அமைந்த அவசரச் செயல் மையமும், வீடு வீடாகப் போய்ப் பழகிய ஆட்களும் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களை அப்படியே எபோலாவுக்குத் திருப்பிவிட்டார்கள். தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரை, 18,000-க்கும் மேற்பட்ட முறை நேரில் போய்ப் பார்த்தார்கள். இருபது பேருக்கு நோய், எட்டு பேர் சாவு. அக்டோபர் 20-ஆம் தேதி நாடு விடுபட்டது. போலியோவுக்குக் கொடுத்தவர்கள் எபோலாவை நினைத்து அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. லாகோஸிலிருந்து எந்த நகரத்துக்கு விமானம் இல்லை, சொல்லுங்கள் என்றேன்.

ருவாண்டாவையும் சொன்னேன். 2024 செப்டம்பர் 27 அன்று அங்கே மார்பர்க் நோய் அறிவிக்கப்பட்டது. முந்தைய பரவல்களில் நூற்றுக்கு எண்பத்தெட்டு பேர் வரை கொன்ற நோய் அது. அங்கே 66 பேருக்குக் கண்டு, 15 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்கள். அந்நாட்டு மருத்துவர்களையும் செவிலியர்களையும் பயிற்றுவிக்க 2012-இல் வெளிநாட்டு நிதியில் ஒரு பெருந்திட்டம் தொடங்கியபோது, பணத்தைத் தன் அமைச்சகத்தின் வழியேதான் செலவிட வேண்டும் என்று ருவாண்டா வலியுறுத்தியது. தீவிர சிகிச்சைக்குப் பழகிய கைகள் அங்கே இருந்ததற்குப் பின்னால் அத்தகைய ஆண்டுகள் பல இருக்கின்றன.

அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ குறை நம்ம ஊர்ல அப்படியேதானே இருக்கு?" என்றார். ஆம் என்றேன். அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. கொடுப்பவர் தம் கொடியை ஒட்டுவதற்காகக் கொடுப்பதும், வாங்குபவர் தம் வரவு செலவில் சுகாதாரத்துக்கு இடம் வைக்காமலே வாங்கிக்கொண்டிருப்பதும் உள்ளவரை அவர் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001-இல் அபுஜாவில் கூடி, அரசுச் செலவில் நூற்றுக்குப் பதினைந்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி பூண்டார்கள். பெரும்பாலான நாடுகள் அதை இன்றுவரை எட்டவில்லை.

அதற்குள் என் மனைவியைக் கூப்பிட்டார்கள். கூடலூர்ச் செவிலியர் குன்னூர் அட்டையை வாங்கிப் பார்த்து, முதல் ஊசி போட்டபின் காய்ச்சல், அரிப்பு ஏதும் உண்டா என்று கேட்டு, இரு கைகளிலும் போட்டு, 13-ஆம் தேதிக்கு நேரே கையெழுத்திட்டார். பத்து நிமிடம். ஒரு ரூபாய் கேட்கவில்லை. வெளியே ஒரு பணியர் குடும்பம் தரையில் அமர்ந்திருந்தது. குழந்தை ஒன்று என் மனைவியின் கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பையின் ஜிப்பைத் திறந்து வர்க்கியை அந்தக் குழந்தையிடம் கொடுத்துவிட்டாள்.

டிசம்பர் 17, புதன் – வீடு

புதன்கிழமை என்பதால் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள். வராந்தா முழுவதும் தாய்மாரும் அழுகையும். புதிதாக வந்திருக்கும் செவிலியர் அட்டையில் இரண்டு ஊர்களின் முத்திரையைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா கடிச்சது, எங்கம்மா போட்டது?" என்று விசாரித்தார். குரங்கின் கதையை என் மனைவி முதலிலிருந்து சொல்ல, வரிசையில் இருந்த பெண்கள் குழந்தைகளைத் தட்டிக்கொடுத்தபடியே கேட்டார்கள். மூன்றாவது ஊசி முடிந்தது. கடைசி தேதியின் கீழ்ச் செவிலியர் பேனாவால் ஒரு கோடு இழுத்து, "ஜனவரி ஏழு, மறந்திடாதீங்க, அதுவும் புதன்தான்" என்றார்.

கெனமாவிலிருந்து பதில் வந்திருந்தது. ரிலே பொருந்திவிட்டதாம். பதிவேட்டின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்: காலை 5, மாலை 4.

புறப்படும்போது என்னை யாரென்று அறிந்திருந்த பழைய உதவியாளர் ஒருவர் மருந்தறைக்குள் கூப்பிட்டார். குளிர்பெட்டி மூடியின் ரப்பர் ஒரு மூலையில் தளர்ந்திருக்கிறது, எழுதிப் போட்டிருக்கிறோம், வருவதற்குள் ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் ஒரு துண்டுக் காகிதத்தை மூடிக்கும் விளிம்புக்கும் இடையே வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மூன்று பக்கம் பிடித்துக்கொண்டது, நான்காவது பக்கம் தடையில்லாமல் உருவி வந்தது. வெப்பமானியில் 6 காட்டியது. என் மனைவியை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கருவிப் பையை எடுத்துவர வீட்டுக்கு நடந்தேன்.